கதவுக் கண்ணாடி சிதறிய கணப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

குளிர்காய வீட்டுக்குள் கட்டிய செங்கல் கணப்பில் விறகு நன்றாக எரிந்துகொண்டிருந்தபோது அதன் கண்ணாடிக் கதவின் வலது மடல் சிதறியது. யாருக்கும் காயமில்லை. கணப்புக்கு முன்னால் விரித்திருந்த கம்பளத்தில் நாலைந்து இடங்களில் கருகல், அவ்வளவுதான். வீட்டார் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எந்தக் கண்ணாடி போட்டால் மறுபடி உடையாது? அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் கூரை உச்சியிலுள்ள கம்பி வலைக்கும், அங்கிருந்து விறகு அடுக்குக்கும் போக வேண்டியிருக்கிறது. கண்ணாடியை மட்டும் மாற்றியிருந்தால், அதைவிடப் பெரிய ஆபத்து அந்த அறையிலேயே தங்கியிருக்கும்.

இது ஒரு மாதிரி நிகழ்வு. இதிலுள்ள பிழைகள் எல்லாமே இத்தகைய கணப்புகளில் திரும்பத் திரும்ப நேர்பவை. ஒரு பிழை அடுத்த பிழையை எப்படி இழுத்து வருகிறது என்று காட்டவே எல்லாவற்றையும் ஒரே கணப்பில் வைத்துச் சொல்கிறோம்.

கணப்பின் அமைப்பு

வாய் 90 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம். உட்சுவர் தீச்செங்கல். வாய்க்கு மேலே புகை ஏறும் தொண்டையில் வார்ப்பிரும்பு டேம்பர், அதாவது புகை வழியைத் திறந்து மூடும் தகடு. அதற்கு மேலே 26 செ.மீ. சதுரமான சுடுமண் உள்குழாய். தீ எரியும் தளத்திலிருந்து உச்சி வரை சுமார் 6 மீட்டர். உச்சியில் மழைத்தொப்பி, அதைச் சுற்றி 12 மி.மீ. கண் கொண்ட பொறித்தடுப்பு வலை. முகப்பில் எஃகுச் சட்டம், இரண்டு மடல் கண்ணாடிக் கதவு, சட்டத்தின் அடியில் காற்று புக ஒரு நகர்த்துத் தகடு. கதவுக்கு உட்புறம், இழுத்து மூடும் கம்பி வலைத் திரை.

கட்டுமானத்தில் குறை இருக்குமோ என்ற ஐயம்தான் முதலில் எழும். சதுரக் குழாயின் உள்பரப்பு கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. வாய் 6300 சதுர செ.மீ. என்றால் குழாய்க்கு 630 தேவை, இருப்பது 676. உச்சி, கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்துக்கு மேல் 0.9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். 3 மீட்டர் தொலைவுக்குள் உள்ள கூரைப் பகுதி, சுவர் எதைவிடவும் 0.6 மீட்டர் மேலே இருக்க வேண்டும். இரண்டும் சரியாகவே இருந்தன. ஆக, கட்டியவர் கை சுத்தம். பழுது பின்னால் வந்தது.

அன்று மாலை

6.30க்கு மூட்டினார்கள். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் புகை அறைக்குள் வந்தது. 7 மணிக்கு மூன்று பருத்த கட்டைகள் போட்டதும் புகை கூடியது, கண்ணெரிச்சல். 7.15க்குக் கண்ணாடிக் கதவு இரண்டையும் மூடினார்கள். புகை நின்றுவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுதும் இதே வழிதான்: புகைந்தால் கதவை மூடு. அடிக் காற்றுத் தகடு முழுக்கத் திறந்திருந்ததால் தீ இன்னும் வீறுகொண்டது. 7.50 வாக்கில் மேல் கட்டை சரிந்து, வலது மடலின் கீழ் மூலையில் சாய்ந்து நின்றது. கதவைத் திறந்தால் புகை வரும் என்று யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. சுமார் 20 நிமிடம் கழித்து வெடிச்சத்தம்.

கதவை மூடியதும் புகை நின்றதற்குக் காரணம் உண்டு. புகைபோக்கி ஒரு நேரத்தில் இவ்வளவு காற்றைத்தான் மேலே இழுக்கும். வாய் பெரிதாகத் திறந்திருந்தால் அந்த இழுவை அகன்ற பரப்பில் பரவி வலுவிழக்கிறது. விளிம்பில் புகை வழிகிறது. கதவை மூடினால் காற்று புகும் வழி ஒரு குறுகிய பிளவாகச் சுருங்க, அங்கே வேகம் பிடித்துக்கொண்டு புகை உள்ளேயே நிற்கிறது. இழுவை கூடவில்லை, குறை கண்ணில் படாமல் போயிற்று, அவ்வளவே. கதவு திறந்திருந்தால் ஒரு கணப்பு புகைகிறது என்றால், மேலே ஏதோ அடைத்திருக்கிறது அல்லது கீழே ஏதோ காற்றைத் தடுக்கிறது என்று கொள்ள வேண்டும்.

சில்லுகள் சொன்னவை

தரையில் கிடந்தவை கற்கண்டு அளவுச் சிறு சில்லுகள். உடையாத இடது மடலின் மூலையில் சிறு முத்திரையும் இருந்தது. இரண்டும் டஃபன்டு கண்ணாடியின் அடையாளம். செராமிக் கண்ணாடியாக இருந்தால் நீண்ட, கூரிய துண்டுகளாகப் பிளந்திருக்கும். ஓரத்தில் பார்த்தால் லேசான தேன்நிறமும் தெரிந்திருக்கும்.

இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. டஃபன்டு கண்ணாடி என்பது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த சாதாரணக் கண்ணாடி. அதன் மேற்பரப்பு இறுகி அழுந்திய நிலையிலும் உள்ளகம் இழுபட்ட நிலையிலும் இருப்பதால்தான் அதற்கு வலிமை. தொடர்ச்சியாக அது தாங்கும் வெப்பம் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் நெடுநேரம் வைத்தால் அந்த இறுக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்து, கண்ணாடி தன் வலிமையை இழக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. செராமிக் கண்ணாடி வேறு இனம். வெப்பத்தில் அது விரிவதே இல்லை எனலாம். 700 டிகிரி வரை தாங்கும்.

டஃபன்டு கண்ணாடி வைத்த கதவுகளுக்கு ஒரு விதி உண்டு: தீ கொழுந்துவிட்டு எரியும்போது கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், வலைத்திரை மூடியிருக்க வேண்டும். கதவை மூடுவது தீ அடங்கித் தணலான பிறகு. பாதி திறந்து வைப்பதும் கூடாது. சூடு ஒரு மடலில் குவியும். இந்தக் கதவு தீயை அடைத்து வைக்க வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது வந்தது வேறு வேலைக்கு: இரவில் தணல் அணையும்வரை டேம்பரை மூட முடியாது, திறந்தே கிடந்தால் அறையின் வெதுவெதுப்பான காற்றெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும், அந்த இழப்பைக் குறைக்கத்தான் கதவு.

உடைந்தது ஏன் அந்த மடல், ஏன் அந்த நேரம்? மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. கட்டை சாய்ந்த இடம் கொதித்தது. சட்டத்துக்குள் மறைந்திருந்த விளிம்போ அவ்வளவு சூடாகவில்லை. நடு விரிய, விளிம்பு இழுபட்டது. இது முதலாவது. இரண்டாவது, கண்ணாடியைச் சட்டத்தில் பிடிக்கும் கிளிப்புகளில் கீழ் இரண்டின் திருகுகள் அழுத்தமாக முறுக்கப்பட்டிருந்தன. மாதங்களுக்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது நடந்தது. 62 செ.மீ. உயரமுள்ள சாதாரணக் கண்ணாடி 200 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். சிறிய அளவுதான், ஆனால் அதற்கு இடமில்லை என்றால் அந்த விசை முழுதும் கண்ணாடி மேலேயே இறங்கும். மூன்றாவது, கிளிப் அழுத்திய இடத்தில், இரும்பு கண்ணாடியில் படாமல் காக்கும் தட்டை கேஸ்கட் நாடா மட்கிப் போய், இரும்பும் கண்ணாடியும் நேராக உரசிக்கொண்டிருந்தன. டஃபன்டு கண்ணாடியின் முகத்தில் கல் பட்டாலும் பிழைக்கும். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்தால் எப்போது வேண்டுமானாலும் சிதறும்.

மேலே என்ன இருந்தது

தொப்பியைக் கழற்றியதும் விடை தெரிந்தது. பொறித்தடுப்பு வலையின் 12 மி.மீ. கண்கள் பளபளப்பான கறுப்புப் பூச்சால் 5 மி.மீ.க்கும் குறைவாகச் சுருங்கியிருந்தன. பரப்பாகக் கணக்கிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வழிகூட மிச்சமில்லை. குழாயின் மேல் 2 மீட்டரில் 4 முதல் 5 மி.மீ. தடிமனுக்குச் செதில் செதிலாகக் கிரியோசோட். கீழே வர வர மெல்லிய பொடிக்கரி.

கிரியோசோட் என்பது எரியாமல் தப்பிய விறகு ஆவி குளிர்ந்து படியும் பிசின். புகைவாயு 120 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் அது படியத் தொடங்கும். குழாயின் உச்சிதான் மிகக் குளிர்ந்த பகுதி. அதைவிடக் குளிர்ந்தது வெளிக்காற்றில் நிற்கும் வலை. அதனால்தான் அடைப்பு முதலில் அங்கே வருகிறது, கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பவருக்குக் குழாய் சுத்தமாகவே தெரிகிறது. படிவு மூன்று நிலைகளில் முதிரும்: துடைத்தால் வரும் பொடிக்கரி, தூரிகைக்குப் பெயரும் செதில், கடைசியாகக் கண்ணாடிபோல் இறுகிய தார்ப்பூச்சு. மூன்றாவதைச் சாதாரணத் தூரிகையால் எடுக்கவே முடியாது. படிவு 3 மி.மீ. ஆனாலே சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது என்பது கணக்கு.

இழுவை எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் இந்த அடைப்பின் கனம் புரியும். வெளியே 5 டிகிரி, குழாய்க்குள் சராசரி 150 டிகிரி என்றால், 6 மீட்டர் உயரம் தரும் இழுவிசை ஏறத்தாழ 25 பாஸ்கல். குழாய் 60 டிகிரியில் இருந்தால் 12 பாஸ்கல்தான். 1 மி.மீ. உயர நீரின் அழுத்தமே சுமார் 10 பாஸ்கல் என்று நினைத்தால், புகை முழுதும் எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரியும். சமையலறைப் புகையுறிஞ்சியை முழு வேகத்தில் ஓட்டினாலே, இறுக அடைத்த வீட்டில் இதில் சில பாஸ்கல் போய்விடும். இந்த வீட்டிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

விறகு

படிவு ஏன் இவ்வளவு? அடுக்கின் வெளிக்கட்டைகளில் ஈரப்பத மீட்டரைக் குத்தியபோது 17 சதவீதம் காட்டியது. வீட்டாரும் அப்படித்தான் அளந்து, காய்ந்துவிட்டது என்று நம்பியிருந்தார்கள். அதே கட்டையைக் கோடரியால் பிளந்து, புதிதாக வெளிப்பட்ட முகத்தின் நடுவில் நார் ஓடும் திசையில் ஊசிகளைப் பதித்தபோது 31 முதல் 34 சதவீதம். எரிக்கத் தகுந்த அளவு 20 சதவீதத்துக்குள். மீட்டர் பொய் சொல்லவில்லை. குத்திய இடம் தவறு.

அடுக்கைத் தார்ப்பாயால் தரைவரை சுற்றிக் கட்டியிருந்தார்கள். மழை உள்ளே போகவில்லை, ஈரம் வெளியே வரவும் இல்லை. அடுக்கி ஆறு மாதம் ஆகியும் கெட்டி மர விறகு நடுவில் பச்சையாகவே இருந்தது.

ஈர விறகு சூட்டைத் தின்றுவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் அந்த இழப்பு நினைப்பதைவிடச் சிறிது. மீட்டர் காட்டும் சதவீதம் ஈரம் நீங்கிய மரத்தின் எடையை வைத்துச் சொல்வது; அதனால் 32 சதவீத ஈரமுள்ள 10 கிலோ விறகில் சுமார் 2.4 லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்கச் செலவாவது அந்த விறகு தரும் மொத்த வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கு அளவே. கேடு அதில் இல்லை. கட்டையில் தண்ணீர் இருக்கும்வரை அந்தப் பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றிய ஓரங்களிலிருந்து எரியக்கூடிய ஆவி கிளம்பும், ஆனால் அது முழுதாகப் பற்றி எரிய 600 டிகிரி அளவுச் சூடு சுற்றிலும் வேண்டும். நீராவி குளிர்வித்த தீயில் அந்தச் சூடு இருப்பதில்லை. எரியாத ஆவி மேலே போய்ப் பிசினாகிறது. பிசின் வலையை அடைக்கிறது. வலை அடைத்ததும் புகை அறைக்குள் வருகிறது, கதவு மூடப்படுகிறது, கண்ணாடி உடைகிறது.

கண்ணாடியைவிடப் பெரிய ஆபத்து

விசாரித்ததில் இன்னொரு பழக்கம் வெளிப்பட்டது. இரவு படுக்கப் போகும்முன், தணல் செக்கச்செவேல் என்று இருக்கும்போதே, கண்ணாடிக் கதவை மூடி டேம்பரையும் பாதிக்கு மேல் சாத்திவிடுவார்கள். வெப்பம் வெளியே போகக் கூடாதென்ற எண்ணம். சில நாள் காலையில் தலைவலி இருந்ததையும் சொன்னார்கள். புகையால் வந்தது என்று நினைத்திருந்தார்கள்.

தணலில் புகை இல்லை, ஆனால் கார்பன் மோனாக்சைடு நிறைய உண்டு. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரை எடுக்கும். கண்ணாடிக் கதவு காற்றுப்புகாத கதவு அல்ல. இரண்டு மடலுக்கும் இடையிலும் சட்ட ஓரத்திலும் பிளவு இருக்கிறது. உச்சியில் வலையும் அடைத்து, தொண்டையில் டேம்பரும் சாத்தியிருந்தால் அந்த வாயு வரக்கூடிய ஒரே வழி அறைதான். அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இல்லை. கண்ணாடி உடைந்தது அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த நல்லது என்றே சொல்ல வேண்டும்.

சாம்பலைக் கிளறிப் பார்த்து ஒரு கங்குகூட ஒளிராத வரை டேம்பர் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது மறுநாள் காலை. அலாரம் கணப்பு இருக்கும் அறையிலேயே, கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி ஒன்று. படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் ஒலிக்கிறது என்பது உள்ளிருக்கும் உணரி வேலை செய்வதற்குச் சான்றாகாது.

சரிசெய்தது எப்படி

முதலில் குழாய். சுடுமண் உள்குழாய் என்பதால் எஃகுக் கம்பித் தூரிகை. அதே 26 செ.மீ. அளவில் இறுக்கமாகப் பொருந்துவது. எஃகு உள்குழாயாக இருந்தால் பிளாஸ்டிக் இழைத் தூரிகைதான், கம்பி அதைக் கீறிவிடும். கணப்பு வாயைத் துணியால் அடைத்து, மேலிருந்து கீழாகத் தேய்த்தார்கள். டேம்பருக்குப் பின்னால் உள்ள புகைத்திட்டில் இரண்டு வாளி அளவு செதிலும் தூசியும் சேர்ந்திருந்தன. இந்த இடத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். டேம்பர் முழுக்கத் திறக்காமல் போவதற்கு இதுவே பாதிக் காரணம். பிறகு கேமரா இறக்கிக் குழாய் இணைப்புகளைப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தர விதியான என்.எஃப்.பி.ஏ. 211 ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சோதிக்கச் சொல்கிறது. எவ்வளவு குறைவாக எரித்தாலும்.

வலையைக் கழற்றிச் சுரண்டி மீண்டும் பொருத்தினார்கள். எடுத்தே விடலாமே என்ற எண்ணம் வரும். வேண்டாம். பொறி கூரையில் விழுவதையும் பறவை கூடு கட்டுவதையும் அதுதான் தடுக்கிறது.

கண்ணாடி விஷயத்தில் வீட்டார் செராமிக்கையே விரும்பினார்கள். அதைப் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் கண்ணாடியை மாற்றினால் கதவு மாறிவிடாது. சட்டம், கீல், கைப்பிடி, மேலேயுள்ள மரத்தட்டு எல்லாம் திறந்த கதவை எண்ணி அமைத்தவை. செராமிக்கை நம்பி முழுத் தீயில் மூடினால் அடுத்துக் கோணுவது சட்டம். கதவைச் செய்தவரின் குறிப்பில் மூடி எரிக்கலாம் என்று எழுதியிருந்தால்தான் மூடி எரிக்கலாம். தொழிற்சாலையில் செய்து வரும் உலோகக் கணப்புகளுக்கு இன்னும் கண்டிப்பு: அந்த மாதிரிக்கென்று அங்கீகரித்த கதவைத் தவிர வேறெதையும் பொருத்தக் கூடாது, சுற்றியுள்ள குளிர்காற்றுத் துளைகளை மறைக்கவும் கூடாது.

இங்கே குறிப்பில் சொன்ன அதே 5 மி.மீ. டஃபன்டு கண்ணாடியே இரண்டு மடலிலும் புதிதாகப் போடப்பட்டது. இடது மடலும் அத்தனை நாள் அதே சூட்டைத் தின்றது. அதை விட்டுவைப்பதில் பொருளில்லை. டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவோ ஓரம் தேய்க்கவோ முடியாது, உடனே சிதறும். ஆகவே அளவு எடுக்கும்போதே சட்டத்தின் உள்ளளவிலிருந்து நீளத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. குறைத்துச் சொன்னார்கள். விளிம்பைச் சுற்றிப் புதுக் கண்ணாடியிழை நாடா. கிளிப் திருகை விரலால் முட்டும்வரை திருகி, அதன்பின் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரு மூலையை முழுதாக முடுக்காமல், எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி.

சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே திணித்திருந்த ராக்வூல், அதாவது தீத்தாங்கும் கல்லிழைப் பஞ்சு, பொடிந்து போயிருந்தது. கையுறையும் முகமூடியும் அணிந்து அதை எடுத்துப் புதிது திணித்தார்கள். இந்த இடைவெளி திறந்திருந்தால் கதவை மூடியும் பயனில்லை.

கம்பளம் பின்வாங்கியது. கணப்பு வாய் 0.56 சதுர மீட்டருக்கு மேல் என்றால் முன்னால் 50 செ.மீ., பக்கங்களில் 30 செ.மீ. வரை எரியாத தளம் வேண்டும். இந்த வாய் 0.63. நாற்காலி, திரைச்சீலை, விறகுக் கூடை எல்லாம் ஒரு மீட்டருக்கு அப்பால்.

விறகைப் பிரித்து, 10 செ.மீ. பருமனுக்குப் பிளந்து, தரையிலிருந்து உயர்த்திய சட்டங்களில் ஒற்றை வரிசையாக அடுக்கினார்கள். மேலே மட்டும் மூடி, பக்கங்கள் திறந்தவை. கெட்டி மரத்துக்கு ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டு ஆகும். அதுவரை, பிளந்து அளந்து 20 சதவீதத்துக்குள் இருந்த விறகை வெளியிலிருந்து வாங்கினார்கள். வர்ணம் பூசிய பலகை, பிளைவுட், மருந்தேற்றிய மரம், கடலில் மிதந்து வந்த கட்டை, குப்பை ஆகியவை கணப்புக்கு ஆகாது. கடல் கட்டையின் உப்பு இரும்பை அரிக்கும். மற்றவை நச்சுப்புகை தரும்.

மூட்டுவது முதல் அணைவது வரை

டேம்பரை முழுக்கத் திறந்து, திறந்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கைப்பிடியின் நிலையை நம்பக் கூடாது. புகையுறிஞ்சியை நிறுத்தி, அதே அறையின் ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் திறக்கவும். ஊதுவத்தியைத் தொண்டைக்கருகே பிடித்தால் புகை மேலே போக வேண்டும். கீழே வந்தால் குழாய்க்குள் குளிர்காற்று இறங்கி நிற்கிறது என்று பொருள்: காகிதத்தை முறுக்கிப் பற்றவைத்து டேம்பருக்கு அடியில் ஓரிரு நிமிடம் பிடித்தால் அது புரண்டு மேலேறும்.

அடுக்குவது தலைகீழாக. பருத்த கட்டை இரண்டு மூன்று அடியில், அதன்மேல் குறுக்காக நடுத்தரம், அதன்மேல் விரல் பருமன் சிராய், உச்சியில் பற்றவைப்பான். தீ மேலிருந்து கீழே இறங்கும். மேலே கொழுந்து இருப்பதால், கீழ்க் கட்டையிலிருந்து எழும் ஆவி அதைக் கடக்கும்போதே எரிந்துவிடுகிறது. குழாயும் முதல் நிமிடங்களிலேயே சூடேறுகிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் எக்காரணத்திலும் வேண்டாம்.

எரியும்போது கதவு இரண்டும் முழுக்கத் திறந்து, வலைத்திரை மூடியிருக்கட்டும். சிறிது சிறிதாக, ஒரு முறைக்கு ஒன்றிரண்டு கட்டை. எந்தக் கட்டையும் கதவு வரும் கோட்டுக்கு 15 செ.மீ. உள்ளேயே. கொழுந்து அடங்கி, தணல் மட்டும் மிஞ்சிய பிறகே கதவை மெல்லச் சாத்த வேண்டும். அப்போதும் டேம்பர் திறந்துதான். சாத்திய கண்ணாடி சூடாக இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தடுப்பு வேலி தேவை. ஈரத்துணி, தண்ணீர், குளிர்ந்த கை எதுவும் அதன்மேல் படக் கூடாது.

சாம்பலும் துடைப்பும்

சாம்பலுக்குள் கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். இறுகிய மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி, கல் அல்லது மண் தரையில் வைக்க வேண்டும். காகிதப் பை, பிளாஸ்டிக் தொட்டி, வேக்குவம் கிளீனர் மூன்றும் தீவிபத்துக்கு வழி. எரிக்கும் காலத்தில் 2 செ.மீ. சாம்பல் தளத்தில் கிடக்கலாம், அது தணலைக் காக்கும்.

கண்ணாடி முழுக்கக் குளிர்ந்த பின், நனைத்துப் பிழிந்த செய்தித்தாளை வெண்சாம்பலின் மாவுப்பகுதியில் தொட்டுச் சுழற்றித் தேய்த்தால் பழுப்புக் கறை கரைந்துவரும். சாம்பலில் மணல் கலந்திருந்தால் கீறும். பிளேடு, உலோக நார், அம்மோனியா வேண்டாம். வெள்ளை மங்கலை விட்டுவைத்தால் கண்ணாடியை அரித்து நிலையாகிவிடும். கறையைத் துடைக்கும்முன் ஒரு நிமிடம் பாருங்கள். கண்ணாடி முழுதும் கறுத்திருந்தால் விறகில் ஈரம். ஒரு மூலை மட்டும் என்றால் அங்கே கட்டை நெருங்கி எரிகிறது அல்லது நாடா போய்விட்டது.

புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால்

ரயில் நெருங்குவதுபோன்ற உறுமல், உச்சியில் பொறிமழை, குழாய் அதிர்வு. உள்ளே 1100 டிகிரி வரை போகலாம். எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். போகிற போக்கில் முடிந்தால் கண்ணாடிக் கதவையும் காற்றுத் தகட்டையும் சாத்தலாம். அந்த ஒரு வேளை கண்ணாடி உடைவதைப் பற்றி நினைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் சுடுமண் குழாய் வெடித்துப் பிளக்கும். தானாக அணைந்துவிட்டாலும், கேமரா வைத்துப் பார்க்கும்வரை அந்தக் கணப்பில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

பருவ நடுவில் மறுபடி பார்த்தபோது

வலையின் கண்கள் திறந்தே இருந்தன. விரலால் தொட்டால் சாம்பல் நிறப் பொடி. குழாயின் மேல்பகுதிப் படிவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கதவு முழுக்கத் திறந்து எரித்தும் அறைக்குள் புகை இல்லை, அலாரம் ஒருமுறையும் ஒலிக்கவில்லை. இடது மடலின் கீழ் மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு பழுப்புக் கறை திரும்பத் திரும்ப வந்தது. நாடா நன்றாகத்தான் இருந்தது. கட்டைகளைத் தாங்கும் இரும்புக் கிராதியின் இடது கால் தளத்தின் பள்ளத்தில் இறங்கி, கட்டைகள் அந்தப் பக்கமாக முன்னே சரிந்துகொண்டிருந்தன. காலுக்கடியில் தீச்செங்கல் துண்டு ஒன்றை வைத்துக் கிராதியை 5 செ.மீ. பின்னே தள்ளினார்கள்.